ஐஸ் பெக்டரியில் ஒரு குத்துவிளக்கு

அத்தியாயம் 7

“ஓடிப்போற பொம்பிளை பாவாடையை விட்டிட்டுப் போவாளோ, இன்ஷாப்?”

இன்ஷாப்புக்குப் புரைக்கேறியது. வாயில் பாதி ரோல்ஸ். விழாவுக்கு வருகிற பெரிய மனிதர்களுக்கென்று அடுக்கி வைத்திருந்த தட்டில் இருந்து, ஆள் பார்க்காத நேரம் பார்த்துச் சுட்டது. கிண்ணியாவில் இருந்து வெறும் வயிற்றோடு ஓட்டோவை விரட்டிக்கொண்டு வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது!

“மிஸ், நான் கலியாணம் கட்டாதவன். இதெல்லாம் என்னட்டக் கேக்கலாமா?”

“கட்டாட்டியும் கண் இருக்குத்தானே? வந்து பாரும்.”

சீலா யோசேப் அலுமாரியின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிட்டார்.

சீலாவைத் திருகோணமலையில் தெரியாதவர்கள் இருக்கலாம். அவரிடம் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் இல்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். எரியாத கடை எரிந்தது, மூழ்காத வள்ளம் மூழ்கியது என்று சொன்ன வாய்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், டொக்யார்ட் வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் துப்பறியும் நிலையம் திறந்தார். இன்ஷாப்தான் அவருடைய சாரதி, உதவியாளன், பிளேன்டீ வாங்கி வருகிறவன் எல்லாம். சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காது. அதற்காக அவன் தன் வாய்க்கு ஒருநாளும் லீவு கொடுத்ததில்லை.

அவர்கள் நின்றது உட்துறைமுக வீதியில், பழைய ஐஸ் பெக்டரியின் பின்பக்க அறையில். யுத்த காலத்தில் மூடின பெக்டரி. மெசின்கள் துருப்பிடித்து, கூரை இடிந்து, நகருக்குள் அலைகிற மான்களும் காகங்களும் குடியிருந்த இடம். மனிதர்களில் அங்கே குடியிருந்தவள் புஷ்பவதி ஒருத்திதான். சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவள், இந்த அறையில் அடுப்பு மூட்டித் துறைமுகத்துத் தொழிலாளருக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்து ஒரு மகளை வளர்த்து ஆளாக்கினாள். இன்றைக்கு அதே கட்டடம் வெள்ளையடித்து, தோரணம் கட்டி, ‘துறைமுகக் கலாசார நிலையம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திறப்பு விழா. புஷ்பவதியைத்தான் காணவில்லை. சித்திரை வருடப் பிறப்புக்குக் கொஞ்சம் முந்தி ஒரு லொறிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று ஊர் சொன்னது. ஊருக்கென்ன, நாக்குக்கு வரியா வட்டியா!

“சீலை ஒண்டும் இல்லை, அடையாள அட்டை இல்லை, நீலப் பயணப் பை இல்லை” என்றார் சீலா. “ஆனா உள்பாவாடை முழுக்க அடித்தட்டில மடிச்சபடி கிடக்கு. சீலையை எதுக்கு மேல கட்டுறது?”

இன்ஷாப் யோசித்தான். அவனுடைய உம்மா ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டாலே பாவாடை தேடி வீட்டைத் தலைகீழாக்குவது ஞாபகம் வந்தது.

“அப்ப அவங்க பெட்டி கட்டல்ல.”

“கட்டினது ஆம்பிளை. ஆம்பிளைக் கண்ணுக்கு வெளியில தெரியிறது மட்டும்தான் உடுப்பு.”

“அடி சக்கை! லொறிக்காரன்தான் கட்டியிருப்பான், மிஸ். அவசரத்தில.”

“பக்கத்தில அவள் நிண்டா, பாவாடையை எடடா எண்டு சொல்லமாட்டாளோ?”

இன்ஷாப் அடுத்த ரோல்ஸை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் அவள் இல்லை. சொல்லக்கூடிய நிலையில் இல்லை. ஓடிப்போனதாகக் காட்டுவதற்காக வேறு யாரோ அலுமாரியை வழித்து அள்ளியிருக்கிறான்.

“மவுத்தா, மிஸ்? உயிரோட இல்லையா?” என்று குரலை இறக்கிக் கேட்டான்.

சீலா பதில் சொல்லும் முன் வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. லதுஷா. புஷ்பவதியின் மகள். நகரத்துப் புடவைக்கடை ஒன்றில் வேலை, கடைக்காரரின் விடுதியில் படுக்கை, சனிக்கிழமைகளில் மட்டும் தாயிடம் வருகிறவள். இந்த வழக்கைக் கொண்டுவந்தவளும் அவள்தான். மாம்பழ நிறப் பட்டுச் சாறி உடுத்து, தலை நிறையப் பூ வைத்து, விழாவில் தட்டு ஏந்தத் தயாராக நின்றாள்.

“கனகரத்தினம் சேர் வாங்கித் தந்த சாறி, மிஸ்” என்றாள். “வடிவாயிருக்கோ?”

“நல்ல வடிவு, பிள்ளை.”

“அம்மாவைப் பற்றி ஏதும் தெரிஞ்சதோ?” அலுமாரியைக் கண்டதும் அவள் முகம் இறுகிவிட்டது. “நான் முதலே சொன்னனான், அவவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். எங்க இருக்கிறா எண்டு மட்டும் சொல்லுங்கோ. போய் ஒரே ஒரு கேள்வி கேக்கோணும். என்னை ஏன் விட்டிட்டுப் போனவ? கூப்பிட்டிருந்தா நானும் போயிருப்பன்தானே? அந்த லொறிக்காரனை அப்பா எண்டும் சொல்லியிருப்பன். நான் என்ன பாரமோ அவவுக்கு?”

கண் கலங்கியது, மை கரையக்கூடாதென்று அண்ணாந்து பார்த்துச் சமாளித்துக்கொண்டாள். இருபது வயதுப் பெண். ஊர் சொன்னதை நம்பிவிட்டாள், நம்பினதால் தாயை வெறுத்துக்கொண்டிருக்கிறாள், அந்த வெறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

சீலா பாவாடைக் கதையைப் பற்றி வாயே திறக்கவில்லை. “இண்டைக்குள்ள சொல்லுறன், பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

அவள் போன பிறகு இன்ஷாப் கேட்டான். “ஏன் மிஸ் சொல்லல்ல? உம்மா ஓடல்ல எண்டா சந்தோசப்படுமே?”

“ஓடேல்லை எண்டா பிறகு என்ன, இன்ஷாப்? அதையும் சேர்த்தெல்லோ சொல்லோணும்.”

இன்ஷாப் கையில் இருந்த ரோல்ஸை வாசலில் நின்ற காகத்துக்கு எறிந்தான்.

*

மண்டபத்துக்குள் கனகரத்தினம் சேர் ஓடியாடிக்கொண்டிருந்தார். பட்டு வேட்டி, தோளில் சரிகைச் சால்வை, நெற்றி நிறையச் சந்தனம். ஒரு திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து பாலமும் மதகும் கட்டி ஓய்வுபெற்றவர். கலாசார நிலையக் குழுவின் தலைவர். பாழடைந்து கிடந்த கட்டடத்தை எழுப்பி நிறுத்திய மனிதர் என்று ஊரே புகழ்ந்தது. புகழத்தான் வேண்டும், வேலை அப்படி. ஐஸ் வார்க்கிற தகர அச்சுகளைத் துளைத்து விளக்குக் கூடுகளாக்கித் தொங்கவிட்டிருந்தார். ஐஸ் கட்டி தூக்கின இரும்புத் தண்டவாளத்தில் மேடைத் திரை ஓடியது. பெரிய தொட்டி இருந்த இடம் நடனம் பழகுகிற தளமாக மினுங்கியது. மூலையில் பழைய உப்பு மூட்டைகள் இரண்டை ‘நினைவுச் சின்னம்’ என்று கயிறு கட்டி வைத்திருந்தார்.

“நூறு பிள்ளையள் இஞ்சை பரதம் படிக்கப் போகுதுகள்” என்றார். “மிருதங்கம், வயலின், கூத்து எல்லாம். பேயும் பிசாசும் கிடந்த இடம், பிள்ளை!”

“பேய் மட்டும் இல்லை, புஷ்பவதியும் கிடந்தவ” என்றார் சீலா.

கனகரத்தினம் நீளமாகப் பெருமூச்சு விட்டார். “என்ன செய்யிறது? நல்ல வீடு பாத்துக் குடுக்கிறன் எண்டு சொன்னனான். கேட்டால்தானே! வெளிநாட்டில இருந்து உதவி செய்யிற ஆக்கள் கட்டடத்தைப் பாக்க வந்த அண்டைக்கு, அகப்பையோட வந்து நடு மண்டபத்தில நிண்டு கத்தினவள். கடைசியில தானாகவே போய்த் துலைஞ்சாள். அந்தப் பிள்ளையை நினைச்சாத்தான் மனம் கேக்கேல்லை. அதான் இண்டைக்குத் தட்டு ஏந்த விட்டிருக்கிறன்.”

மேடைக்கு முன்னால், மண்டபத்தின் நடுவில், இடுப்பளவு உயரத்தில் ஒரு சதுர மேடை. கருஞ்சிவப்புச் சீமெந்து பூசி மெழுகி, மேலே ஆளுயரக் குத்துவிளக்கு நிறுத்தியிருந்தது. சீலா அதைத் தடவிப் பார்த்தார்.

“விளக்கு மேடை நல்ல வேலைப்பாடு, சேர்.”

கனகரத்தினத்தின் முகம் மலர்ந்தது. “கீழ பழைய உப்புத்தண்ணிக் கிடங்கு. விட்டிருந்தா ஆரும் விழுந்திருப்பினம். நிரப்பி, மேல கட்டினது. அவள் போன அடுத்த நாள், வெள்ளிக்கிழமை. லீவு நாள், தெரியுமோ? ஊரெல்லாம் படுத்துக்கிடக்க, மேசன் ஜக்சன்ர ஆக்கள் வந்து, பலகை வெட்டி, ஆணி அடிச்சு, பொழுதுபட முதல் கொங்கிறீற் போட்டிட்டுப் போனவங்கள். ஒரு வெடிப்புக் காட்டுங்கோ பாப்பம்!”

“ஒண்டும் இல்லைத்தான்” என்றார் சீலா. பிறகு தற்செயலாகச் சொல்வதுபோல, “சேர், புஷ்பவதியின்ர பெட்டியை வேற ஆரோதான் கட்டியிருக்கினம். ஆம்பிளை ஒருத்தர். தடயம் இருக்கு” என்றார்.

மனிதர் சால்வையை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் ஒருத்தரையும் குற்றம் சொல்லுறேல்லை, பிள்ளை. ஆனா உந்த ஜக்சனைக் கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்கோ. அவளிட்டச் சோறு வாங்கப் போறது, சிரிக்கிறது, பம்மாத்துக் கதைக்கிறது. பிறகு வேலையையும் பாதியில விட்டிட்டு ஓடினவன். ஏன் ஓடினவன்?”

வெளியே வந்ததும் இன்ஷாப் துள்ளினான். வாசலில் கட்டியிருந்த வாழையை இரண்டு மான்கள் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை விரட்டக்கூட அவனுக்குப் பொறுமையில்லை.

“மிஸ், கேஸ் முடிஞ்சுது! ஜக்சன்தான். அடுத்த நாள் கொங்கிறீற் போட்டிருக்கான். அதுக்குக் கீழதான்…”

“ஓம், அதுக்குக் கீழதான்” என்றார் சீலா. “ஓட்டோவை எடும். பாலையூற்றுக்கு.”

*

ஓட்டோ உறுமிக்கொண்டு போனது. இன்ஷாப் கண்ணாடியில் சீலாவைப் பார்த்தபடி கதைத்துக்கொண்டே வந்தான். ஜக்சனை எப்படி மடக்குவது, அவன் ஓடினால் எந்த ஒழுங்கையால் மறிப்பது, பொலிஸ் தனக்கு ஒரு சான்றிதழாவது தருவார்களா. சீலா கைத்தொலைபேசியில் துறைமுகப் பொலிஸ் இன்ஸ்பெக்டரோடு கதைத்து முடித்துவிட்டு, கைப்பையில் இருந்து செபமாலையை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார்.

“இன்ஷாப், சித்திரைக்கு முந்தி வந்த அந்த லீவு வெள்ளிக்கிழமை உமக்கு என்ன நாள்?”

“என்ன நாளா? ஜும்ஆ நாள். ஓட்டமும் இல்லாத நாள், மிஸ். கடையெல்லாம் பூட்டு.”

“கனகரத்தினம் சேருக்கும் அவ்வளவுதான்” என்றார் சீலா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எரிச்சலாக இருந்தது இன்ஷாப்புக்கு. இந்த மனுசி எப்போதும் இப்படித்தான், பாதியைச் சொல்லிவிட்டு மீதியைத் தானே வைத்துக்கொள்ளும்.

பாலையூற்றில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் ஒரு மதிலுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான் ஜக்சன். கறுத்து உயர்ந்த ஆள், கழுத்தில் சிலுவை, கையில் சாந்து பூசுகிற கரண்டி. ஓடுகிற எண்ணம் அவனிடம் இருப்பதாகத் தெரியவில்லை. சீலாவைக் கண்டதும், ஞாயிறு பூசையில் பார்க்கிற மரியாதையோடு கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

“ஜக்சன், விளக்கு மேடை நீங்கள் போட்டதோ?”

“நானோ? இல்லை, மிஸ்.”

“பெரிய வெள்ளியண்டைக்கு உங்கட ஆக்கள் வந்து ஆணி அடிச்சுப் பலகை கட்டினவை எண்டு சேர் சொல்லுறார்.”

ஜக்சன் முதலில் விளங்காதவன்போல் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ரத்தம் ஏறியது.

“பெரிய வெள்ளியண்டைக்கோ? ஆணியோ? என்ன மிஸ் கதைக்கிறீங்கள்! ஆண்டவருக்கு ஆணி அடிச்ச நாளில நாங்கள் சுத்தியல் தூக்குவமோ? கட்டில் கால் கழண்டு விழுந்தாலும் அண்டைக்கு எங்கட வீட்டில ஒருத்தரும் ஆணியில கை வைக்க மாட்டம். என்ர ஆக்கள் எல்லாரும் இந்தக் கோயில் ஆக்கள். வியாழன் மத்தியானமே கரண்டி, வாளி எல்லாம் கழுவி வைச்சிட்டு வந்திட்டம். வெள்ளி முழுக்கச் சிலுவைப்பாதை. நீங்களும் அதில நிண்டனீங்கள்தானே?”

“நிண்டனான்” என்றார் சீலா. “உங்களுக்கு முன்னுக்குத்தான்.”

இன்ஷாப் வாயைப் பிளந்தான். காலையில் இருந்தே இந்த மனுசிக்குத் தெரியும்! கனகரத்தினம் எந்த நாளைப் பெருமையாகச் சொன்னாரோ, அந்த நாளில் பாலையூற்று மேசன் ஒருவனும் ஆணி அடிக்கமாட்டான். அது கத்தோலிக்கர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். சேருக்கோ அது வெறும் லீவு நாள்.

“அப்ப அதை ஆர் போட்டது?” என்று கேட்டான் இன்ஷாப்.

“சேர் தம்பலகாமத்தில இருந்து வேற ஆக்களைப் பிடிச்சுப் போட்டவர் எண்டு நினைச்சனான்” என்றான் ஜக்சன். “நான் இருக்கேக்க வேற ஆளோ எண்டு சேரோட வாய்த்தர்க்கம் வந்திட்டுது. கொஞ்ச நாளில வேலையை விட்டிட்டன். திங்கட்கிழமை நாங்கள் போகேக்கயே மேடை எழும்பி நிண்டது. மேல ஈரச்சாக்குப் போட்டிருந்தது.”

“ஈரச்சாக்கு?”

“பச்சைக் கொங்கிறீற் காய்ஞ்சா வெடிச்சிடும். ஒரு கிழமையாவது தண்ணி விட்டுக்கொண்டே இருக்கோணும்.”

சீலாவின் விரலில் செபமாலை நின்றுவிட்டது. “ஆர் தண்ணி விட்டது?”

“அந்தப் பிள்ளைதான், மிஸ். சோத்துக்காரியின்ர மகள், லதுஷா. சனிக்கிழமை தாயைப் பாக்க வந்து, காணேல்லை எண்டு அழுதுகொண்டு நிண்டதாம். சேர்தான் ஆறுதல் சொல்லி, புடவைக்கடையிலயும் லீவு கேட்டு, அந்த அறையிலயே தங்க வைச்சு, இந்த வேலையைக் குடுத்தவர். சும்மா இருந்து யோசியாமல் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் எண்டு. காலமையும் பின்னேரமும் குடம் குடமாக் கொண்டுவந்து ஊத்தும். நல்ல மனுசன் எண்டு நாங்கள் எல்லாம் கதைச்சம்.”

மதிலுக்கு அப்பால் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. ஜக்சன் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் மெல்ல விளங்கியது. “யேசுவே” என்று சொல்லிக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற இன்ஷாப்புக்கு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கொன்றவன் கொன்றான், அது ஒன்று. கொன்று புதைத்த இடம் வெடிக்காமல் இருக்க, அந்தத் தாயின் பிள்ளையையே கூட்டிவந்து தண்ணீர் ஊற்ற வைத்தானே, பாவி! அந்தப் பிள்ளை அவன் வாங்கிக் கொடுத்த சாறியை உடுத்துக்கொண்டு வடிவாயிருக்கோ என்று கேட்கிறது. மனிதனா அவன்?

“இன்ஷாப்” என்றார் சீலா. “இந்தத் தண்ணிக் கதை அவளுக்குத் தெரியக்கூடாது. தாய் செத்ததை நான் சொல்லுறன். இது வேண்டாம்.”

“வல்லாஹி, சத்தியமாச் சொல்லமாட்டன், மிஸ். ஆனா எப்பிடி ஒப்புக்கொள்ள வைக்கிறது? அவர் ஒண்டு சொல்றார், ஜக்சன் ஒண்டு சொல்றார். ஊர் யாரை நம்பும்? பட்டு வேட்டியைத்தான்.”

“அவரே சொல்லுவார்” என்றார் சீலா. “காலமை அந்த மேடையைத் தடவேக்க அவரின்ர முகத்தைப் பாத்தனீரே? ஜக்சன், சம்மட்டி இருக்கோ?”

“இருக்கு, மிஸ்.”

“எடுத்துக்கொண்டு ஏறுங்கோ.”

*

அவர்கள் திரும்பி வந்தபோது நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் இருந்து வந்த பிரதம விருந்தாளி மாலையோடு நின்றார். கதிரைகள் நிரம்பி, பின்னால் சனம் நெருக்கியடித்தது. இன்ஸ்பெக்டர் நான்கு பொலிஸாரோடு தூணடியில் நின்று சீலாவுக்குத் தலையாட்டினார். லதுஷா கற்பூரமும் தீப்பெட்டியும் வைத்த தட்டோடு விளக்கு மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். கனகரத்தினம் கையில் மைக்.

“சுபநேரம் வந்துவிட்டது! இப்பொழுது எமது பிரதம விருந்தாளி அவர்கள் மங்கள விளக்கை ஏற்றி…”

“சேர், ஒரு நிமிசம்.” சீலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். பின்னால் சம்மட்டியோடு ஜக்சன். “குறை நினைக்க வேண்டாம். இந்த மேடை பலமில்லையாம். ஜக்சன் இப்பத்தான் மனம் கேக்காமல் சொன்னவர். அவரின்ர ஆக்கள் லீவு நாள் அவசரத்தில கடல் மண்ணைக் கலந்து போட்டிட்டினமாம். சீமெந்தும் காணாதாம். விளக்குச் சரிஞ்சு ஐயாவின்ர தலையில விழுந்தா ஆர் பொறுப்பு? உடைச்சுப் புதுசாப் போட்டுத் தாறாராம்.”

பிரதம விருந்தாளி இரண்டடி பின்னால் நகர்ந்தார். முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. கனகரத்தினத்தின் கழுத்து நரம்பு புடைத்தது.

“கடல் மண்ணோ? என்ர மேடைக்கோ?” மைக் வாயருகில் இருப்பதையே மறந்துவிட்டார். “உவன் ஆர் சொல்ல? ஒண்டு சீமெந்து, ரெண்டு மண், நாலு கல்! நானே அளந்து, என்ர கையாலயே கலந்து போட்டது! மகாவலி ஆத்து மண்! என்ர சேவிஸில நான் போட்ட ஒரு கொங்கிறீற் வெடிச்சதில்லை! உவன்ர ஆக்கள் ஒருத்தனும் இதில கை வைக்கேல்லை!”

ஒலிபெருக்கி அதை வாசல் கடந்து, வீதி கடந்து, துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. நாதஸ்வரம் நின்றது.

“காலமை வேற மாதிரிச் சொன்னீங்கள், சேர்” என்றார் சீலா. “ஜக்சன்ர ஆக்கள் வந்து ஆணி அடிச்சவை எண்டு. பெரிய வெள்ளியில ஆணி அடிக்கிற மேசன் எங்கட கோயிலில இல்லை. பொய் ஏன், சேர்? புஷ்பவதி காணாமல் போன அடுத்த நாள் இதைத் தனிய நிண்டு கட்டவேண்டிய அவசரம் என்ன?”

மைக் கனகரத்தினத்தின் கையில் இருந்து நழுவி விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஜக்சனைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பிரதம விருந்தாளியின் செயலாளர் குறுக்கே வந்தார். “இன்ஸ்பெக்டர், இது கட்டாயம் இப்பவே செய்யவேணுமா? ஐயாவுக்குப் பின்னேரம் இன்னொரு விழா இருக்கு. சுபநேரமும் போயிடும்.”

குழுவினர் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு நான்கு பேர் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். பிரதம விருந்தாளியும் பின்னால் போனார். கூட்டத்தில் பாதி அவரோடு போனது. மீதிப் பாதி வேடிக்கை பார்க்க நின்றது. இன்ஷாப்புக்கு அந்த விளக்கைப் பிடுங்கிக் கடலில் எறியவேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

ஜக்சன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சம்மட்டியை ஓங்கினான். கொங்கிறீற் இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அடிமேல் அடி விழுந்த பிறகுதான் ஒரு மூலை பெயர்ந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு. நாற்றம் எழும்பாமல் மூட்டை மூட்டையாய்க் கொட்டியிருந்த உப்பு. அதைக் கிளறியபோது நீலப் பயணப் பை ஒன்றின் கைபிடி தெரிந்தது. அதற்குக் கீழே தெரிந்ததை இன்ஷாப் பார்க்கவில்லை. திரும்பிக்கொண்டான்.

“தள்ளினனான்தான்” என்றார் கனகரத்தினம். அழவில்லை, கத்தவில்லை, குழுக்கூட்டத்தில் விளக்கம் கொடுக்கிற குரலில் சொன்னார். “விழுந்து தலை அடிபட்டுது. அதுக்கு நான் என்ன செய்ய? நூறு பிள்ளையள் கலை படிக்கிற இடம். ஒரு சோத்துக்காரிக்காக இதை விடச் சொல்லுறீங்களோ?”

தட்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டது. லதுஷா உடைந்த மேடையை நோக்கி ஓரடி வைத்தாள்.

“அம்மாவின்ர பை” என்றாள். பிறகு சீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப… அவ என்னை விட்டிட்டுப் போகேல்லையோ, மிஸ்?” என்று கேட்டாள்.

“இல்லை, பிள்ளை. அவ எங்கயும் போகேல்லை.”

அந்தக் கணத்தில் லதுஷாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்ஷாப் பார்த்தான். தாய் செத்துக் கிடக்கிறாள் என்பது இன்னும் அந்தப் பிள்ளைக்கு உறைக்கவில்லை. தன்னைக் கைவிடவில்லை என்பது மட்டும்தான் உறைத்திருந்தது. சிரித்தேவிட்டாள், பாவம்.

பொலிஸார் கனகரத்தினத்தை நடத்திக்கொண்டு போனார்கள். உடைந்த மூலைக்குப் பக்கத்தில் வந்ததும் மனிதர் நின்றார். குனிந்து, சம்மட்டி பிளந்த முகப்பைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். தொழிலில் ஊறின ஆள் அல்லவா! பிறகு லதுஷாவின் பக்கம் திரும்பினார். குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்த ஆளைப் பாராட்டுகிற குரல்.

“பாத்தியே, தங்கச்சி? உள்ளுக்கும் ஒரு வெடிப்பில்லை. நீ ஊத்தின தண்ணிதான்.”

இன்ஷாப் பாய்ந்து அவர் சால்வையைப் பிடித்தான். இன்ஸ்பெக்டர் இடையில் விழுந்து விலக்கினார். ஆனால் சொல்லியாயிற்று. எந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கொண்டு வந்தார்களோ, அதை அந்த மனிதன் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

லதுஷாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. அது போக நேரம் எடுத்தது. பட்டுச் சாறியோடு அப்படியே தரையில் குந்தினாள். சீலா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளை அணைத்துக்கொண்டார். வாசலில் நாதஸ்வரம் மறுபடி எழுந்தது. சுபநேரத்துக்குள் விளக்கை ஏற்றிவிட்டார்கள் போலும், கைதட்டல் கேட்டது.

“தண்ணி ஊத்தி முடிய அதில ஏறி இருப்பன், மிஸ்” என்றாள் லதுஷா. அழுகை இல்லாத, வறண்ட குரல். “ஒவ்வொரு நாளும் அதில இருந்துகொண்டுதான் அம்மாவைத் திட்டினனான். ஓடுகாலி எண்டனான். நாசமாப் போ எண்டனான். ஒருத்தரும் இல்லைத்தானே எண்டு சத்தம் போட்டே திட்டினனான். அவவுக்குக் கேட்டிருக்குமோ?”

“கேட்டிருக்காது, பிள்ளை” என்றார் சீலா.

இன்ஷாப் அதை நம்பவில்லை. லதுஷாவும் நம்பவில்லை.